பித்தம் தலைக்கேறின கதை

"தலை சுத்துது"ன்னு யாராவது சொன்னா நாம உடனே என்ன சொல்றோம்? "பித்தமா இருக்கும், காபியைக் குறை"ன்னு ஒருத்தர். "பிபி பாத்தியா?"ன்னு ஒருத்தர். "சாப்பிடாம கொள்ளாம இருந்தா சுத்தாம என்ன பண்ணும்"னு ஒருத்தர். நோய் ஒண்ணு, டாக்டருங்க ஒம்போது பேர் :-)

எங்க வீட்டிலயும் இதேதான். இந்தப் பேச்சுல எங்க அத்தை எட்டு வருஷத்தைத் தொலைச்சாங்க. எங்க சித்தப்பாவை நாங்களே தொலைச்சோம். ரெண்டு பேரும் சொன்னது ஒரே வார்த்தைதான். காரணம்தான் வேற வேற. அதனாலதான் கொஞ்ச நாளா கம்பெனி பஸ்ஸுல சிறுசேரிக்கும் வீட்டுக்கும் போற நேரமெல்லாம் இதையே படிச்சுக்கிட்டு இருந்தேன். படிச்சதை இங்க கொட்டிடறேன். பதிவு நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல அத்தை கதை. அத்தைக்கு திருப்போரூர். வயசு அறுபதைத் தாண்டியாச்சு. எட்டு வருஷம் முன்னாடி ஒரு விடியக்காலையில வலது பக்கம் திரும்பிப் படுத்தவங்க "ஐயோ, வூடே கெளம்பி சுத்துதுடா"ன்னு கத்தினாங்க. அரை நிமிஷம்தான். அப்புறம் சரியாப் போச்சு. மறுநாள் பரண் மேல இருக்குற டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்த்தாங்க, திரும்பவும் சுத்தல், வாந்தி.

வைத்தியம் ஆரம்பிச்சுது. தேன் நெல்லிக்காய், கொத்தமல்லி கஷாயம். ஒரு டாக்டர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து "எலும்பு தேய்மானம்"னு சொல்லி கழுத்துப் பட்டை போட்டாரு. இன்னொருத்தர் ரத்தக் கொதிப்புன்னாரு. இன்னொருத்தர் தலைசுத்தல் மாத்திரை கொடுத்தாரு, அதை வருஷக்கணக்கா முழுங்கினாங்க. கோவளம் தர்காவுல மந்திரிச்ச தண்ணியும் ஆச்சு. கொஞ்ச நாள் போகும், கொஞ்ச நாள் வரும். கடைசியில அத்தை ரெண்டு தலையணை வச்சு சாய்ஞ்ச மேனிக்கே தூங்கப் பழகிட்டாங்க. வருஷா வருஷம் ஏறுற திருக்கழுக்குன்றம் மலைப்படியை விட்டுட்டாங்க. "எப்ப சுத்துமோ"ங்கற பயத்துலயே பாதி ஆளா ஆயிட்டாங்க.

போன வருஷம் ஒரு சின்ன வயசு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க "எப்படி சுத்துது?"ன்னு கேக்கலை. "எப்போ சுத்துது, எவ்வளவு நேரம் சுத்துது?"ன்னு கேட்டாங்க. அத்தையை கட்டில்ல சட்டுனு படுக்க வச்சு, தலையை ஒரு பக்கம் திருப்பி, கட்டில் ஓரத்துக்குக் கீழ கொஞ்சம் தொங்க விட்டாங்க. அத்தை கண்ணு ரெண்டும் கடகடன்னு ஆட ஆரம்பிச்சுது. டாக்டரம்மா அதைப் பார்த்துட்டு தலையை மெதுவா அந்தப் பக்கம், இந்தப் பக்கம், குப்புறன்னு நாலு தடவை திருப்பி உக்கார வச்சாங்க. மொத்தமே அஞ்சு நிமிஷம். அன்னிக்கு ராத்திரி அத்தை எட்டு வருஷத்துக்கு அப்புறம் நீட்டி நிமிர்ந்து படுத்துத் தூங்கினாங்க.

மறுநாள் காலையில அத்தை என்னைக் கேட்ட கேள்வி: "இதுக்குப் போயாடா எட்டு வருஷம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கொசுவத்தியை ஏத்தினேன். சுத்திச் சுத்தி அது என்னை பாரிஸ் வரைக்கும் கொண்டு போயிடுச்சு.

தப்பு அட்ரஸ்

அதுக்கு முன்னாடி நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு நியாயம் செஞ்சிடலாம். பித்தம்னு சொல்றது வெறும் பாட்டி பேச்சு இல்லை. பழைய சுஸ்ருத சம்ஹிதையிலேயே நினைவு தப்புற 'மூர்ச்சை'யையும், எல்லாம் சுத்துற மாதிரி இருக்குற 'பிரமை'யையும் தனித்தனியா பிரிச்சு வச்சிருக்காங்க. ரெண்டுலயும் பித்தத்துக்குப் பங்கு உண்டுன்னு சொன்னாலும், சுத்தலுக்கு பித்தத்தோட வாயுவும் சேரணும்னு கணக்கு. காரணம் சரியோ தப்போ, ரெண்டும் வேற வேறங்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நாமதான் இப்போ எல்லாத்தையும் 'மயக்கம்'ங்கற ஒரே பானையில போட்டுக் கிண்டிட்டோம். "மயக்கமா வருது"ன்னு ஒருத்தர் சொன்னா வீடு சுத்துதா, கண்ணு இருட்டுதா, கால் தள்ளாடுதா, வெறும் அசதியான்னு யாருக்கும் தெரியாது.

ஐரோப்பாவும் ரொம்ப ஒண்ணும் ஒழுங்கு இல்லை. அங்கே தலைசுத்தல்னா மூளைக்கு ரத்தம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். நம்ம பித்தம் தலைக்கேறுச்சு, அவங்களுக்கு ரத்தம் தலைக்கேறுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். வைத்தியம் என்னன்னா, ரத்தத்தை இறக்கறது. அட்டையை விட்டு உறிஞ்சறது, நரம்பைக் கீறி வடிக்கறது. ஏற்கனவே வாந்தியெடுத்துத் துவண்டு கிடக்குறவர் உடம்புல இருந்து ரத்தத்தையும் எடுத்துட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இத்தனைக்கும் 1820-கள்லயே ஒரு துப்பு கிடைச்சிருச்சு. பியர் ஃப்ளூரன்ஸ்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி புறாவோட உள்காதுல இருக்குற அரைவட்டக் குழாய்களை ஒவ்வொண்ணா வெட்டிப் பார்த்தாரு. படுக்கை வாட்டத்துல இருக்குற குழாயை வெட்டினா புறா தலையைப் பக்கவாட்டுல ஆட்டுது. நேர்வாட்டக் குழாயை வெட்டினா மேலயும் கீழயுமா ஆட்டுது. புறாவுக்குக் காது மட்டும் நல்லாவே கேக்குது. காதுக்குள்ள கேக்கறதுக்கு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒண்ணு இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுது. ஆனா மருத்துவமனையில நோயாளியைப் பார்க்குற டாக்டர்கள் யாரும் இந்தப் புறாவைக் கண்டுக்கலை. நம்ம பாஷையில சொன்னா, லாக் ஃபைல்ல எர்ரர் தெளிவா இருக்கு, திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

திறந்து பார்த்தவர் ப்ராஸ்பர் மெனியே. பாரிஸ்ல காது கேளாதவங்களுக்கான அரசு நிறுவனத்துல தலைமை மருத்துவர். தினமும் காதுக்காரங்களையே பார்த்ததால ஒரு விஷயம் அவர் கண்ணுல பட்டுச்சு. தலைசுத்தி விழறவங்கள்ல நிறைய பேருக்குக் காதுல இரைச்சல், கூடவே கேட்கும் திறன் குறைஞ்சுக்கிட்டே போகுது. மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருந்தா கை கால் இழுத்திருக்கணும், பேச்சு போயிருக்கணும். அதெல்லாம் இல்லையே? 1861 ஜனவரி 8-ஆம் தேதி பாரிஸ் மருத்துவ அகாதமியில எழுந்து நின்னு "கோளாறு மூளையில இல்லை, உள்காதுல"ன்னு சொன்னாரு. பெரிசா கைத்தட்டல் எல்லாம் இல்லை. அடுத்த வருஷமே 1862-ல நிமோனியாவுல இறந்தும் போயிட்டாரு. அவர் பேர்ல நோய்ப் பேர் நிலைச்சதெல்லாம் அப்புறம்.

ஆயிரக்கணக்கான வருஷமா தப்பு அட்ரஸுக்குப் போயிட்டு இருந்த கடிதம் அன்னிக்குத்தான் சரியான கதவைத் தட்டுச்சு.

தட்டாமாலையும் ஒரு செல்போனும்

சரி, காதுக்குள்ள என்னதான் இருக்கு? சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருப்பீங்க. கையை விரிச்சு வேகமா சுத்திட்டு சட்டுனு நின்னா, நீங்க நின்னுட்டீங்க, ஆனா உலகம் நிக்காது. ஏன்?

ஒரு சொம்புல தண்ணி வச்சு சொம்பைச் சுத்துங்க. முதல்ல சொம்புதான் சுத்தும், தண்ணி சும்மா இருக்கும். கொஞ்ச நேரத்துல தண்ணியும் சேர்ந்துக்கும். இப்போ சொம்பை நிறுத்துங்க. தண்ணி நிக்குமா? நிக்காது, அது பாட்டுக்கு சுத்திட்டே இருக்கும். காதுக்குள்ள ஒவ்வொரு பக்கமும் மூணு அரைவட்டக் குழாய், அதுக்குள்ள இதே மாதிரி தண்ணி. தண்ணி ஓடினா ஒரு ஜெல்லிக் கதவு வளையும், "தலை சுத்துது"ன்னு மூளைக்கு சேதி போகும். இதை 1873-லிருந்து 1875-க்குள்ள மூணு பேர் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. இயற்பியல்காரர் எர்ன்ஸ்ட் மாக், டாக்டர் யோசஃப் பிராயர், எடின்பரோ வேதியியல்காரர் கிரம் பிரவுன். மாக்குக்குப் பொறி தட்டினது ரயில்ல. ரயில் வளைவுல திரும்பும்போது வெளியில இருக்குற வீடும் மரமும் சாய்ஞ்சு தெரியுதேன்னு யோசிச்சிருக்காரு. நாமளும் ஜன்னலோர சீட்டுல உக்கார்ந்துதான் போறோம், ஹும்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னும் ஈஸியா சொல்லணும்னா, உங்க செல்போன்ல ஜைரோஸ்கோப் இருக்கு, ஆக்சிலரோமீட்டர் இருக்கு. காதுலயும் அதே ரெண்டுதான். மூணு குழாயும் ஜைரோஸ்கோப். அதுங்களுக்குக் கீழ இருக்குற ரெண்டு சின்னப் பைகள் ஆக்சிலரோமீட்டர். அந்தப் பைகள்ல கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். தலை சாய்ஞ்சா அதோட கனத்துல துகளும் சாயும், "கீழ எங்க, மேல எங்க"ன்னு மூளைக்குத் தெரியும். சுண்ணாம்புன்னா நிஜமாவே சுண்ணாம்புதான். கோவளம் கடற்கரையில நம்ம கால்ல மிதிபடுற கிளிஞ்சல் எதால ஆனதோ, அதே கால்சியம் கார்பனேட். கடல் நம்ம காதுக்குள்ளயும் கொஞ்சம் கிளிஞ்சல் போட்டு வச்சிருக்கு.

இதை வச்சு நோபல் பரிசு வரைக்கும் போனவர் ராபர்ட் பாராணி. வியன்னா டாக்டர். நோயாளிகள் காதைத் தண்ணி பீய்ச்சி கழுவும்போது தலை சுத்துதுன்னு புகார். ஒருத்தர் "தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கு, அதான்"னு சொல்ல, இவர் சூடா ஊத்திப் பார்த்தாரு. அப்பவும் சுத்துச்சு, ஆனா கண்ணு எதிர்ப்பக்கமா ஆடுச்சு! சூட்டுக்கும் குளிருக்கும் காதுக்குள்ள தண்ணி எதிரெதிர் திசையில நகருதுன்னு புரிஞ்சுக்கிட்டாரு. எந்தக் காது கெட்டுப்போச்சுன்னு தனித்தனியா சோதிக்க அப்பதான் ஒரு வழி பொறந்துச்சு. 1914-ஆம் வருஷ நோபல் பரிசு அவருக்கு. சேதி வந்தப்போ ஆள் ரஷ்யாக்காரங்ககிட்ட போர்க்கைதி! ஸ்வீடன் இளவரசர் தலையிட்டுத்தான் 1916-ல விடுதலை ஆனாரு. (1983-ல விண்வெளியில இதே சோதனையைச் செஞ்சு பார்த்தாங்க. எடையே இல்லாத இடத்துல சூடான தண்ணி மேல ஏறாது, ஆனாலும் கண்ணு ஆடுச்சு. பாராணி சொன்ன விளக்கம் பாதிதான் சரி போல. சோதனை மட்டும் இன்னிக்கும் நடக்குது.)

அதே பாராணி 1921-ல ஒரு இளம்பெண்ணைப் பத்தி எழுதினாரு. தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுத்தா மட்டும் அந்தப் பொண்ணுக்குக் கொஞ்ச நேரம் சுத்துது. அட, நம்ம அத்தை கேஸு!

அஞ்சு நிமிஷ வைத்தியம்

1952-ல லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில இருந்து ரெண்டு பேர் இதை ஒழுங்கான சோதனையா எழுதி வச்சாங்க. மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக். ஹால்பைக் 1900-ல பிறந்தது அன்னிய இந்தியாவுல, முர்ரீ மலைநகரத்துல (இப்போ பாகிஸ்தான்). டிக்ஸ் அறுவை சிகிச்சை டாக்டராக வேண்டியவங்க. போர்க்காலத்துல லண்டன்ல குண்டு விழுந்து முகத்துலயும் கண்ணுலயும் காயம்பட்டதால இந்தத் துறைக்கு வந்தாங்க. கட்டில்ல சட்டுனு படுக்க வச்சு தலையைத் தொங்கவிட்டு கண்ணைப் பார்க்குறாங்களே, அந்தச் சோதனைக்கு இவங்க ரெண்டு பேரோட பேர்தான். ஸ்கேன் வேணாம், மெஷின் வேணாம். ஒரு கட்டிலும், கூர்ந்து பார்க்குற ரெண்டு கண்ணும் போதும்.

ஏன் சுத்துதுன்னு சொன்னது அப்புறம் வந்தவங்க. ஆக்சிலரோமீட்டர் பையில இருந்து சுண்ணாம்புத் துகள் உதிர்ந்து ஜைரோஸ்கோப் குழாய்க்குள்ள போய் விழுந்துடுது. தலை திரும்பும்போது துகள் உருளுது, தண்ணியையும் இழுக்குது, மூளைக்குத் தப்பு சேதி போகுது. 1969-ல ஹெரால்ட் ஷுக்னெக்ட் துகள் ஜெல்லிக் கதவுல ஒட்டிக்குதுன்னாரு. பத்து வருஷம் கழிச்சு "ஒட்டலை, குழாய்க்குள்ள மிதக்குது"ன்னு இன்னொரு கட்சி. 1992-ல கனடாவுல அறுவை சிகிச்சை செய்யும்போது அந்தக் குழாய்க்குள்ள மிதக்குற துகளைக் கண்ணாலயே பார்த்துட்டாங்க.

இங்கதான் அத்தையோட கேள்விக்குப் பாதிப் பதில். அமெரிக்காவுல போர்ட்லேண்ட் நகரத்து டாக்டர் ஜான் எப்ளி "துகள்தான் பிரச்சினைன்னா, தலையை சரியான வரிசையில திருப்பி அதை வந்த வழியே உருட்டி வெளியேத்திட்டா என்ன?"ன்னு யோசிச்சாரு. பிளாஸ்டிக் குழாயில மாதிரி செஞ்சு பார்த்துக் கணக்குப் போட்டாரு. 1980-ல காது மூக்கு தொண்டை டாக்டர்கள் மாநாட்டுல செஞ்சு காட்டினாரு. சிலர் எழுந்தே போயிட்டாங்க. தலையைப் பிடிச்சுத் திருப்பினா நோய் போகுமா, இதென்ன மந்திரவாதமா? கட்டுரைகள் திரும்பி வந்துச்சு. 1992-லதான் அச்சாச்சு. நடுவுல அவர் மாநிலத்து மருத்துவ வாரியம் விசாரணை வேற வச்சு, 2001-லதான் அவர் மேல குத்தமில்லைன்னு முடிச்சாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதல் வைத்தியமே அதுதான். மாத்திரை கிடையாது, கத்தி கிடையாது.

நாம எழுதின ரெண்டு வரி ஃபிக்ஸை "இவ்வளவு சின்னதா இருந்தா சரியா இருக்காது"ன்னு ரிவ்யூல தள்ளி வைப்பாங்களே, அதே கதைதான்.

கேள்வியை மாத்துங்க

மீதிப் பாதிப் பதில் இதோ. 1972-ல டேவிட் டிராக்மன், செசில் ஹார்ட்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் தலைசுத்தலை நாலாப் பிரிச்சாங்க. உலகம் சுத்தறது, கண்ணு இருட்டி விழப் போறது, கால் தள்ளாடறது, தலை லேசா இருக்குறது. "எப்படி இருக்கு"ன்னு கேளு, எந்த வகைன்னு பாரு, காரணம் தெரிஞ்சிடும்னு ரொம்ப வருஷம் பாடம் நடத்தினாங்க. 2007-ல அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவங்ககிட்ட அதே கேள்வியைச் சில நிமிஷம் விட்டு ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தாங்க. பாதிக்கும் மேல பேர் பதிலை மாத்திட்டாங்க! தப்பு நோயாளிங்க மேல இல்லை. அந்த உணர்ச்சியை வார்த்தையில பிடிக்கவே முடியாது. ஆனா எப்போ வந்துச்சு, எவ்வளவு நேரம், எது பண்ணினா வருதுங்கறதை ஓரளவு சரியா சொல்றாங்க. அந்தக் கேள்விகள் வழியா போனா காரணங்கள் இப்படிப் பிரியுது:

திரும்பிப் படுத்தா, அண்ணாந்தா, குனிஞ்சா சுத்தி ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்குதா? பெரும்பாலும் துகள் கேஸு.

உக்கார்ந்து எழுந்ததும் கண்ணு இருட்டுதா? ரத்த அழுத்தம் இறங்குதான்னு பார்க்கணும். சில சமயம் பிபிக்குப் போடுற மாத்திரையே காரணமா இருக்கும். ரத்தசோகை, நீர் வத்திப்போறது, சர்க்கரை குறையறதும் இந்தக் கூட்டத்துல வரும்.

காது இரையுது, கேக்குறது மந்தமாகுது, இருபது நிமிஷத்துல இருந்து சில மணி நேரம் சுத்துதா? மெனியே சொன்ன நோயா இருக்கலாம்.

ஒத்தைத் தலைவலிக்காரங்களா, வெளிச்சமும் சத்தமும் ஆகலையா? மைக்ரேனே தலைசுத்தலா வரலாம், சில சமயம் வலியே இல்லாமக் கூட.

திடீர்னு ஆரம்பிச்சு நாள் கணக்குல விடாம சுத்துதா? காது நரம்பு அழற்சியா இருக்கலாம். இல்லாட்டி ஸ்ட்ரோக்கா இருக்கலாம்.

அந்தக் கடைசி வரியிலதான் எங்க சித்தப்பா இருக்காரு.

மதுராந்தகம் பக்கம் எங்க ஊரு. நான் காலேஜ் கடைசி வருஷம். சித்தப்பா காலையில எழுந்ததும் "தலை சுத்துதுப்பா"ன்னாரு. வாந்தி. எழுந்து நின்னா ஒரு பக்கமா சாயறாரு. பேச்சு கொஞ்சம் குழறுச்சு. நாங்க என்ன பண்ணோம்? பித்தம்னு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடுத்துப் படுக்க வச்சோம். 'தூங்கினா சரியாயிடும்'னு சொன்னது நான்தான். சாயங்காலம் கூப்பிட்டா கண்ணைத் திறக்கலை. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. சிறுமூளையில அடைப்பு. மூணு நாள்ல போயிட்டாரு.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-லயே. அன்னிக்குக் காலையில கையில போன் இருந்துச்சு, நம்பரும் தெரியும். கூப்பிடணும்னு தெரியலை. ரத்தக்கட்டியைக் கரைக்குற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ளன்னு ஒரு கணக்கு இருக்குன்னு அப்புறம்தான் படிச்சேன். காலையிலயே போயிருந்தா பொழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா நாங்க கேட்டிருக்கலாம். பேச்சு குழறுதா, ரெண்டா தெரியுதா, முகம் கோணுதா, கை கால் மரத்துப் போகுதா, நிக்கவே முடியலையா, என்னிக்கும் இல்லாத தலைவலியா? இதுல ஒண்ணு தலைசுத்தலோட சேர்ந்து வந்தாலும் எலுமிச்சம்பழத்தை வச்சுட்டு 108-ஐக் கூப்பிடுங்க.

இதுலயும் வரலாறு நகர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. 2009-ல வந்த ஒரு ஆய்வு சொன்னது, ஓயாம சுத்தறவங்களுக்கு முதல் ரெண்டு நாள்ல எம்ஆர்ஐ ஸ்கேன் கோட்டைவிடுற ஸ்ட்ரோக்கைக்கூட, பயிற்சி எடுத்த டாக்டர் கண் அசைவை வச்சே பிடிச்சிடலாமாம். ஹால்பைக்கும் டிக்ஸும் பார்த்த அதே கண்ணு.

திரும்பிப் பார்த்தா ஒரு விஷயம் தெரியுது. மெனியேவோ, எப்ளியோ, அந்த டாக்டரம்மாவோ புதுசா ஒரு மருந்தைக் கொண்டு வரலை. பேரை வச்சதும் நிறுத்திடாம இன்னொரு கேள்வி கேட்டாங்க. ரத்தம், பித்தம், கழுத்து, பிபின்னு ஒரு பேர் கிடைச்சதும் மத்தவங்க எல்லாரும் கேக்குறதை நிறுத்திட்டாங்க. நாங்களும்தான்.

அத்தைக்கு நாலு மாசம் முன்னாடி திரும்பவும் வந்துச்சு. இது திரும்ப வரக்கூடியதுதான். ஆனா இந்தத் தடவை அவங்க அழலை. போன் பண்ணி, "டேய், கிளிஞ்சல் மறுபடியும் உருண்டுடுச்சு, லீவு போட்டுட்டு வா"ன்னாங்க. போன தையில திருக்கழுக்குன்றம் படியேறினோம். நடுவுல மூணு இடத்துல உக்கார்ந்தாங்க, அது மூட்டுவலியாம். மேல போனதும் சித்தப்பா பேருக்கும் சேர்த்து அர்ச்சனை பண்ணினாங்க.

டிஸ்கி: நான் கம்ப்யூட்டர் டாக்டர், அதுவும் சுமாரானவன். இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுப் பெரியவங்க தலையைப் பிடிச்சுத் திருப்ப வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய்ன்னு பார்க்காம திருப்பக்கூடாது, கழுத்துக் கோளாறு இருந்தா இன்னும் வம்பு. டாக்டர்கிட்ட போங்க. போறதுக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டுல மூணு விஷயம் மட்டும் எழுதிக்கோங்க. எப்போ வருது, எவ்வளவு நேரம், என்ன பண்ணினா வருது. எங்க அத்தையோட எட்டு வருஷம் அந்தச் சீட்டுலதான் இருந்துச்சு.